ஜேம்ஸ் ஹாங்குக்கு ஓர் ஆஸ்கர்: அகாடமி ஆட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் திரைப்படக் கலை அறிவியல் அகாடமியின் ஆட்சிக் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நடிகர் ஜேம்ஸ் ஹாங்குக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுங்கள். அதை அவர் கையிலேயே கொடுங்கள். 1929 பிப்ரவரி 22 அன்று மினியாபோலிஸில் பிறந்தவர் அவர். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய வயது இல்லை.

தமிழில் எழுதுவதால் இது உங்களை எட்டாது என்று நான் நினைக்கவில்லை. 2022ல் சூர்யாவையும், 2023ல் மணிரத்னத்தையும், 2025ல் கமல்ஹாசனையும் உறுப்பினராகச் சேர அழைத்தவர்கள் நீங்கள். அப்புறம், இதை இங்கே படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் ஹாங் என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 'குங்ஃபூ பாண்டா'வை ஆங்கிலத்தில் பார்த்திருந்தால், நூடுல்ஸ் கடை நடத்தும் அந்தப் பதற்றமான, பாசக்கார வாத்து அப்பாவின் குரலை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குரல்தான் ஹாங்.

அவர் நடித்த படங்களும் தொடர்களும் 450க்கும் மேல். 1950களில் தொடங்கி, ஒரு பத்தாண்டுகூடத் தவறாமல் திரையில் இருந்திருக்கிறார். ஆனால் அவர் பெயர் உங்கள் பரிந்துரைப் பட்டியலில் ஒருமுறைகூட வந்ததில்லை. வந்திருக்கவும் முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஹாங் படித்தது சிவில் இன்ஜினியரிங். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முடித்தார். நடுவில் கொரியப் போர்க்காலத்து ராணுவ சேவை. அங்கேயும் அலபாமா முகாமில் வீரர்களுக்காகக் கலை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தார். அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் சாலைப் பொறியாளர் வேலை, ஒன்றரை வருஷம். படப்பிடிப்பு வந்தால் மருத்துவ விடுப்பு, இல்லாவிட்டால் வருடாந்திர விடுமுறை. கடைசியில் வேலையை விட்டார். 1954ல் நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸின் வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்டு, க்ரௌச்சோவின் எதிரிலேயே அவரைப் போல மிமிக்ரி செய்தார். அதைப் பார்த்து வந்த கடிதங்களும் அழைப்புகளும்தான் அவருக்குக் கதவைத் திறந்தன. மறுவருஷமே கிளார்க் கேபிள் நடித்த 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' படத்தில் இருந்தார்.

கதவு திறந்தது என்றேன். உள்ளே என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் 'காட்ஜில்லா'வை 1956ல் அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாகச் சேர்த்து வெளியிட்டார்கள். அதில் ஓகாட்டா, டாக்டர் செரிசாவா என்று முக்கியமான இருவருக்கும் ஆங்கிலக் குரல் கொடுத்தவர் ஹாங். படத்தில் அவர் பெயரைப் போடவில்லை. 1957ல் சார்லி சான் துப்பறியும் தொடரில் மூத்த மகன் வேடம் கிடைத்தது. தொலைக்காட்சியில் தொடர்ந்து வரும் வேடம், இளம் நடிகருக்குப் பெரிய விஷயம். ஆனால் தலைப்புப் பாத்திரமான சீனத் துப்பறிவாளராக நடித்தவர் ஜே. கேரல் நேஷ், ஐரிஷ் வம்சாவளியில் வந்த வெள்ளையர். ஒரு காட்சியில் வசனம் எடுக்க வேண்டிய இடத்தை ஹாங் தவறவிட, இனத்தைச் சொல்லித் திட்டு விழுந்ததையும், தன்னை வேலையை விட்டே அனுப்பிவிட்டதையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பழைய கதையில் அகாடமிக்கு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. 1937ல் வந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியாக பால் முனி, அவர் மனைவியாக லூயிஸ் ரைனர், இருவரும் வெள்ளையர்கள். லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்து வளர்ந்த சீன அமெரிக்க நட்சத்திரம் அன்னா மே வாங் அந்த மனைவி வேடத்தை விரும்பினார், அவருக்குக் கொடுக்கவில்லை. ரைனருக்குச் சிறந்த நடிகை ஆஸ்கரை நீங்கள் கொடுத்தீர்கள். அது அந்தக் காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1984 விழாவில் வெள்ளையரான லிண்டா ஹன்ட் வாங்கிய துணை நடிகை ஆஸ்கரும் ஒரு சீன ஆஸ்திரேலியப் பாத்திரத்துக்குத்தான். இரண்டு பேரும் அருமையான நடிகைகள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஆசிய முகம் ஒன்றைத் திரையில் மதிக்க வேண்டுமென்றால் அதை வேறொருவர் முகத்தில் ஒப்பனையாகப் போட்டுவர வேண்டும் என்று ஒரு தொழிலே நம்பியிருந்தது. அந்த நம்பிக்கைக்கு உங்கள் சிலை முத்திரை வைத்தது. அதே காலத்தில் ஜேம்ஸ் ஹாங் ஹோட்டல் சிப்பந்தியாகவும், கடத்தல்காரனாகவும், சலவைக்காரராகவும், பெயரில்லாத அதிகாரியாகவும் வந்து போய்க்கொண்டிருந்தார்.

கிடைத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவரும் இல்லை. 1965ல் மாகோ, பியூலா குவோ, சூன்-டெக் ஓ போன்ற நடிகர்களோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் ப்ளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆசிய அமெரிக்க நடிகர்கள் முழு மனிதர்களாக மேடையில் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். முதலில் எடுத்துக்கொண்ட நாடகம் 'ராஷோமான்'. அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. அங்கிருந்து வளர்ந்து திரைக்கு வந்த நடிகர்களின் தலைமுறைகளே உண்டு. 1966ல் வந்த 'தி சாண்ட் பெபிள்ஸ்' படத்துக்காக மாகோவை நீங்கள் துணை நடிகர் விருதுக்குப் பரிந்துரைத்தீர்கள். ஹாங்கும் அதே படத்தில் இருந்தார்.

நாடகக் குழுவுக்காக மட்டும் விருது கேட்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் கேட்பது நடிப்புக்காக. அதனால் அவர் நடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும்.

'பிளேட் ரன்னர்' (1982). ஹானிபல் சூ என்ற பாத்திரம். செயற்கை மனிதர்களுக்குக் கண் செய்கிறவர். உறைபனி போன்ற கூடத்தில், குழாய்கள் செருகிய கனமான ரோமக் கோட்டுக்குள், கண்களை மட்டுமே பேச்சுத் துணையாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் கிழவர். மொத்தமே சில நிமிடங்கள். காட்சியை எடுத்தது நிஜமான குளிர்பதனக் கிடங்கில், வாயிலிருந்து வரும் ஆவி உண்மையான ஆவி. ஆனால் குளிரை விடப் பெரிய விஷயம், அந்த மனிதருக்குத் தன் வேலை மேல் இருக்கும் ஆசையை ஹாங் காட்டும் விதம். கண்ணைப் பார்த்துச் சீன மொழியில் முணுமுணுப்பார். உள்ளே வந்த இரண்டு பேர் யாரென்று புரியும்போது முதலில் தெரிவது பயம் கூட இல்லை, கைவேலைக்காரரின் பெருமை. உன் கண்ணை நான்தான் செய்தேன் என்கிற பெருமை. கோட்டைக் கிழித்ததும்தான் நடுக்கம். வந்த இருவரில் ஒருவரான ரட்கர் ஹாவர் அந்தக் காட்சியில் எவ்வளவு அபாயகரமாகத் தெரிகிறார் என்று எல்லோரும் பேசுவார்கள். எதிரில் நடுங்குகிறவர் அந்த நடுக்கத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அபாயம் எங்கிருந்து வரும்?

அடுத்தது 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடர். 1991 மே மாதம் ஒளிபரப்பான 'தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்' அத்தியாயம். மூன்று பேர் சாப்பிட மேஜைக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஹோட்டலின் வாசல் கூடத்தை விட்டுக் கேமரா நகராது. கேட்கும் போதெல்லாம் ஐந்து, பத்து நிமிஷம் என்று சொல்லும் ஹோட்டல்காரர்தான் ஹாங். அவருக்கு எதிரி என்ற எண்ணமே கிடையாது, யாரையும் ஏமாற்றவும் இல்லை. புன்னகை மாறாமல், அவசரம் இல்லாமல், தனக்கு மட்டும் புரிந்த ஒரு வரிசைப்படி ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பார். ஜார்ஜுக்கு வந்த தொலைபேசி அழைப்பை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் குரலில் துளி சந்தேகம் இருக்காது. தொடரின் நாயகர்கள் எல்லோரும் வெடிக்க வேண்டிய காட்சி அது. அசையாத சுவர் ஒன்று இருந்தால்தான் அவர்களால் வெடிக்க முடியும். நகைச்சுவையில் சுவராக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நடிகர்களுக்குத் தெரியும். உங்கள் குழுவில் நடிகர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜான் கார்ப்பென்டரின் 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா' (1986) படத்துக்கு இன்னும் நிறைய நேரம் தர வேண்டும். லோ பான் என்ற சாபம் பெற்ற மந்திரவாதி. சக்கர நாற்காலியில் சுருங்கிக் கிடக்கும் தொண்டு கிழம் ஒரு வடிவம், பட்டு உடையில் நிமிர்ந்து வரும் ஆவி இன்னொரு வடிவம். இரண்டும் ஹாங்தான். கிழத்தின் குரல் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், பொறுமையே இல்லாத, கல்யாண ஆசை பிடித்த கிழம். ஆவியாக வரும்போது அதே ஆள் வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசுவார். இரண்டு வடிவமும் ஒரே ஆள் என்று நாம் நம்புவது ஒப்பனையால் இல்லை, பசியால். இரண்டு உடம்பிலும் அதே பசியை வைத்திருப்பார். படம் அன்று தியேட்டரில் தோற்றது. வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் பிழைத்து, இன்று பெரிய ரசிகர் கூட்டத்தோடு இருக்கிறது. அந்தக் கூட்டம் முதலில் நினைவில் வைத்திருப்பது லோ பானைத்தான்.

'சைனாடவுன்' படத்தில் ஃபே டனவேயின் வீட்டுப் பணியாளர் கான். அதிகம் பேசாமலே, அந்த வீட்டின் ரகசியம் முழுவதும் தெரிந்தவர் இவர் என்று உணர்த்திவிடுவார். 'ஏர்ப்ளேன்!' படத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சுயபுராணம் தாங்காமல் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் ஜப்பானிய அதிகாரி. 'மூலான்' படத்தில் எரிச்சலூட்டும் ஆலோசகர் சி-ஃபூவின் குரல். 'குங்ஃபூ' தொடரில் வெவ்வேறு அத்தியாயங்களில் வெவ்வேறு ஆட்கள். பட்டியல் போட்டால் முடியாது, போடவும் வேண்டாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். அதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நியாயமானது. நீண்ட நகம், மர்மச் சிரிப்பு, மந்திரம் எல்லாம் சேர்ந்த லோ பான், ஆசியர்களைப் பற்றி ஹாலிவுட் வைத்திருந்த பழைய பயத்தின் வாரிசு. சார்லி சான் கதைகளை ஆசிய அமெரிக்கர்கள் பலர் வெறுக்கிறார்கள். இப்படிப்பட்ட வேடங்களைக் கௌரவிக்கலாமா? வேடங்களை எழுதியவர்கள் வேறு, அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் வேறு என்பதே என் பதில். எழுதிக் கொடுத்தது ஒரு வரி என்றால் அதற்குள் ஒரு மனிதரை வைத்துத் திருப்பிக் கொடுத்தவர் ஹாங். அந்த வேடங்களின் குறுகலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவரும் அவர்தான், மாற்று மேடை கட்டியவரும் அவர்தான். அவற்றை ஏற்றுக்கொண்டார் என்பதற்காக இன்று அவரைத் தள்ளிவைத்தால், தொழில் செய்த குற்றத்துக்குத் தொழிலாளிக்குத் தண்டனை கொடுத்ததாகும்.

சரி, பரிந்துரை ஏன் வந்திருக்க முடியாது என்பதற்கு வருகிறேன். உங்கள் நடிப்பு விருதுகள் நான்கும், ஒரு வருஷத்தில் ஒரு படத்தில் ஒரு வேடத்தை எடைபோடுபவை. 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து துணை நடிகருக்கென்று தனி விருதைத் தொடங்கியது நல்ல காரியம். முதல் ஐந்து வருஷத்தில் மூன்று முறை அதை வால்டர் பிரென்னன் வாங்கினார். ஆனால் துணை வேடம் என்றாலும் அதற்குக் கதையில் ஒரு கணிசமான இடம் வேண்டும். சில நிமிட வேடங்களையே வாழ்நாள் முழுவதும் செய்தவரை அந்தத் தராசு காட்டவே காட்டாது. ஒவ்வொரு துளியும் எடைக்குக் குறைவு. மொத்தம் பார்த்தால் அமெரிக்க சினிமாவின் எழுபது வருஷத்தில் பாதி அவர் இருந்த அறைகளில் நடந்திருக்கிறது. பெரிய வேடம் கொடுத்து அவர் மறுத்திருந்தால் பேச்சே வேறு. கொடுக்கவில்லை என்பதுதான் நடந்தது.

இந்த மாதிரியான குறையைச் சரிசெய்யும் வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாழ்நாள் சாதனைக்கும், திரைக்கலைக்கு ஆற்றிய அசாதாரணப் பங்களிப்புக்கும் கொடுக்கலாம் என்று கௌரவ விருதின் விதியே சொல்கிறது. விருதுப் பிரிவு இல்லாத தொழில்களுக்கு அந்த வழியாக நீங்கள் மரியாதை செய்திருக்கிறீர்கள்: சண்டைக் கலைஞர் ஹால் நீதாமுக்கு 2012ல், நடிகர் தேர்வு இயக்குநர் லின் ஸ்டால்மாஸ்டருக்கு 2016ல், அதே துறையின் ஜூலியட் டெய்லருக்கு 2024ல். இப்போது நடிகர் தேர்வுக்கும் ஸ்டன்ட் வடிவமைப்புக்கும் தனி விருதே அறிவித்துவிட்டீர்கள். முதல் மரியாதை கௌரவ விருதின் வழியாக வந்தது, பிரிவு பின்னால் வந்தது. ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படாத நடிகர்களுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். 2010ல் ஈலை வாலக்குக் கொடுத்தபோது அவருக்கு வயது 94. 2017ல் டொனால்ட் சதர்லேண்டுக்குக் கொடுத்தீர்கள். வாலக்குக்குப் பொருந்தியது ஹாங்குக்கும் பொருந்தும்.

2023ல் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்கு ஏழு ஆஸ்கர் கொடுத்தீர்கள். மிஷேல் யோவுக்கும், கீ ஹுய் குவானுக்கும், ஜேமி லீ கர்டிஸுக்கும் கிடைத்தது. அந்தப் படத்தின் தாத்தா, கோங் கோங், ஜேம்ஸ் ஹாங். 2020ன் தொடக்கத்தில் படப்பிடிப்பு நடந்த நாட்களில்தான் அவருக்கு 91 வயது பூர்த்தியானது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்த ஒரு கண்டிப்பான அப்பாவாகவும், இன்னொரு உலகத்தில் படைக்குத் தலைமை தாங்கும் கிழவராகவும் அதே படத்துக்குள் மாறினார். மகளாக வரும் மிஷேல் யோ தன் மகளைப் பற்றிய உண்மையை அப்பாவிடம் சொல்லும் இடத்தில் ஹாங்கின் முகத்தைப் பாருங்கள். ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்று உடனே காட்டிவிட மாட்டார். அந்தத் தயக்கத்தில் மூன்று தலைமுறையின் கதை தாங்கி நிற்கிறது.

உங்கள் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஹாலிவுட் நடிகர் சங்க விருது மேடையில் படக்குழுவின் சார்பாக அவர் பேசினார். நான்கு நாள் முன்புதான் 94 முடிந்திருந்தது. கிளார்க் கேபிளோடு தொடங்கியதைச் சொன்னார். 'தி குட் எர்த்' படத்தில் ஒப்பனையால் கண்ணை மாற்றிக்கொண்டு நடித்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஆசியர்களுக்குத் திறமை போதாது, வசூலும் வராது என்று அன்றைய தயாரிப்பாளர்கள் சொன்னதையும், இன்று எங்களைப் பாருங்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். அரங்கமே எழுந்து நின்றது. அந்தப் பேச்சு ஒரு ஆஸ்கர் மேடையிலும் ஒலித்திருக்க வேண்டும்.

ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தது 2022 மே மாதம். அதுவும் எப்படி? நடிகர் டேனியல் டே கிம் 2020ல் பொதுமக்களிடம் நிதி கேட்டார். தேவையான 55,000 டாலர் சில நாட்களிலேயே சேர்ந்துவிட்டது. ரசிகர்கள் தங்கள் கடனைத் தாங்களே கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். உங்கள் விருதுக்கு அப்படி நிதி திரட்ட வழியில்லை. ஆட்சிக் குழு வாக்களித்தால்தான் உண்டு.

காலம் பற்றிக் கடைசியாக. 2024ல் இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸுக்குக் கௌரவ விருது அறிவித்தீர்கள். விழா நவம்பர் 17. நவம்பர் 3ஆம் தேதி அவர் போய்விட்டார். மகள் ரஷீதா ஜோன்ஸ் மேடையேறி வாங்கினார். ஜோன்ஸுக்காவது ஏழு பரிந்துரைகளும் 1995ல் ஒரு மனிதநேய விருதும் உங்களிடமிருந்து முன்பே கிடைத்திருந்தன. ஹாங்குக்கு ஒன்றுமே இல்லை. அதனால் அடுத்த முறை நீங்கள் கூடும்போதே இவர் பெயர் முன்மொழியப்பட வேண்டும்.

கொடுப்பதாக முடிவு செய்தால் கூடவே இரண்டு வேண்டுகோள்கள். விருதை மிஷேல் யோ கையால் கொடுக்கச் செய்யுங்கள். திரையில் ஓட்டும் காட்சித் தொகுப்பில் பெரிய படங்களோடு நிறுத்திவிடாதீர்கள். பெயர் போடாமல் விட்ட 'காட்ஜில்லா'விலிருந்து செரிசாவா பேசும் ஓரிடத்தைச் சேருங்கள், கீழே ஜேம்ஸ் ஹாங் என்று எழுத்தில் போடுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் சினிமா ரசிகர்